நூற்சிட்டத்துள் ஒரு பேரெண்

திருப்பூரில் நாள்தோறும் பல்லாயிரம் முறை ஒலிக்கும் எண் முப்பது. “முப்பதாம் நம்பர் நூல்” என்று நூல் வணிகர் விலை கூறுகிறார். பின்னற்கூடத்தார் அதையே கேட்டு வாங்குகிறார். பொறியின்மேல் நூற்கூம்புகளை ஏற்றும் தொழிலாளி அதையே தாளில் குறித்துக்கொள்கிறார். இருபது, இருபத்து நான்கு, முப்பது, முப்பத்து நான்கு, நாற்பது என இவ்வெண்கள் அவிநாசியிலிருந்து பல்லடம் வரை, பின்னலாடைத் தொழில் பரவிய ஊர்களிலெல்லாம் வழங்குகின்றன. அம்முப்பது எதன் முப்பது? நூற்பாலைத் தேர்வுக்கூடத்தார் இதற்கு விடை அறிவர். அந்நூலைத் தொட்டு வாழும் மற்றையோர்க்கோ அது வெறும் பெயராக நிற்கிறது. எண்ணாக நிற்கவில்லை.

விடை எளியது. கைத்தறியாளர் கழி என்றும் சிட்டம் என்றும் வழங்கும் நூற்கற்றை ஒன்றின் நீளம் 840 கசம். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் அத்தகைய சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ, அதுவே அந்நூலின் எண். முப்பது சிட்டங்கள் அடங்கினால் முப்பதாம் எண் நூல். நாற்பது அடங்கினால் நாற்பதாம் எண் நூல். எண் உயர உயர இழை மெலியும். இன்று திருப்பூரில் நூல் கிலோக் கணக்கில் விற்கப்படினும், நூலின் எண்ணை மட்டும் பழைய பவுண்டும் பழைய கசமுமே ஆண்டுவருகின்றன.

அந்த 840 எங்கிருந்து வந்தது? ஒன்றரைக் கசம் சுற்றளவுள்ள சுழல்சட்டத்தில் நூலை எண்பது முறை சுற்றினால் 120 கசம். அவ்வாறு ஏழு கற்றைகள் சேர்ந்தால் 840 கசம். பருத்தி நூற்பில் ஆங்கிலேயர் கையாண்ட இவ்வளவு, அவர்தம் பொறிகளோடு இந்நாட்டு ஆலைகளுக்கும் வந்து சேர்ந்தது. சுழல்சட்டத்தின் சுற்றிலிருந்து பிறந்த அந்த எண்ணுக்குள், கணக்கியலார் வியந்து போற்றும் ஓர் இயல்பு அடங்கியிருக்கிறது.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுத்திகள் எனப்படும். 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 840-ஐ வகுக்கும் எண்களோ முப்பத்திரண்டு. ஒன்று முதல் எட்டு வரை உள்ள எல்லா எண்களும் அதை வகுக்கும். 840-க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் முப்பத்திரண்டு வகுத்திகள் இல்லை; மிகுதியாகப் பெற்ற 720-க்கும் முப்பதே உண்டு. 840-ஐவிடப் பெரிதாகிய ஆயிரத்துக்கோ பதினாறே வகுத்திகள். ஆயிரம் கேட்பதற்கு நிறைவான எண். பங்கிட முனைந்தால் மூன்றுக்கும் ஆறுக்கும் ஏழுக்கும் இடங்கொடாத எண். தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகளைப் பெற்ற எண்ணை மீப்பகு எண் என்று தமிழில் சொல்லலாம். பகுபடும் தன்மையில் மீமிசை நிற்பது என்பது அதன் பொருள். 12, 24, 36, 48, 60, 120, 360, 720, 840 ஆகியன அவ்வினத்தைச் சேர்ந்தவை.

இது ஏட்டுக் கணக்கன்று. அயல்நாட்டு வாங்குநர் ஒருவர் 5000 உருப்படி ஆடைகள் கேட்டு எழுதுகிறார் எனக் கொள்க. கடைவழக்கில் ‘டசன்’ எனப்படும் பன்னிரண்டு பன்னிரண்டாக அவற்றைக் கட்டினால் 416 கட்டுகள் போக எட்டு மிஞ்சும். மூன்று அளவுகளில் ஒப்பப் பிரித்தால் இரண்டு மிஞ்சும். ஆறு தையற்பொறிகளுக்குப் பகிர்ந்தால் இரண்டு, ஏழு பொறிகளுக்குப் பகிர்ந்தால் இரண்டு, ஒன்பது பொறிகளுக்குப் பகிர்ந்தால் ஐந்து மிஞ்சும். அதே வாங்குநர் 5040 கேட்டிருப்பாராயின் ஒன்று முதல் பத்து வரை எத்தனை பொறிகளுக்கும் மீதியின்றிப் பகிரலாம். பன்னிரண்டாகக் கட்டினாலும் 420 கட்டுகள் ஒழுங்காக முடியும். 5000-க்கு வகுத்திகள் இருபது, 5040-க்கு அறுபது. நாற்பது உருப்படிகள் கூடியதனால் பங்கிடும் வழிகள் மும்மடங்காயின. மிஞ்சிய எட்டும் ஐந்தும் இரண்டும் யார் கணக்கில் ஏறும் என்பது வெட்டுவோரும் தைப்போரும் கைமடிப்போரும் கட்டுவோரும் கேட்க வேண்டிய வினா. மீதி என்பது ஏட்டின் ஓரத்தில் நிற்கும் சிற்றெண்ணே ஆயினும், கூலிக்கணக்கில் அது ஒருவரது உழைப்பு.

இனி நூலுக்கே மீள்க. முப்பதாம் எண் நூல் ஒரு பவுண்டில் 30 × 840, அதாவது 25,200 கசம். இந்த 25,200-உம் மீப்பகு எண்ணே, வகுத்திகள் தொண்ணூறு. இருபத்து நான்காம் எண் நூல் ஒரு பவுண்டில் 20,160 கசம். இதுவும் மீப்பகு எண், வகுத்திகள் 84. அறுபதாம் எண் நூலின் 50,400 கசமும் மீப்பகு எண்ணே, வகுத்திகள் 108. இருபதாம் எண் நூலின் 16,800 கசமும், நாற்பதாம் எண் நூலின் 33,600 கசமும் அவ்வினத்தில் சேரா. ஏன் சேரா என்பதை விளக்கும் நெறியைக் கண்டு நிறுவியவர் இந்தக் கொங்கு மண்ணில் பிறந்தவர். முப்பதாம் எண் நூல் ஒரு கிலோவைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் செல்லும். இருப்புப்பாதை வழியே திருப்பூரிலிருந்து ஈரோட்டுக்கு உள்ள தொலைவும் ஏறத்தாழ அதுவே. அந்த இழையின் மறுமுனையாகிய ஈரோட்டில், தாயின் பெற்றோர் இல்லத்தில், 1887 திசம்பர் 22-ஆம் நாள் பிறந்தவர் சீனிவாச இராமானுசன். அவர் தந்தை கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர். இராமானுசன் 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

1915-இல் இலண்டன் கணக்கியல் கழகத்தின் வெளியீட்டில் அவர் எழுதிய நெடுங்கட்டுரை இம்மீப்பகு எண்களைப் பற்றியதே. அவ்வாய்வின் பேரில் 1916 மார்ச்சில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வுவழி இளங்கலைப் பட்டம் அளித்தது. போர்க்காலப் பணமுடையால் அக்கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றது. அவர் 1920 ஏப்பிரல் 26-ஆம் நாள் மறைந்து எழுபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின், 1997-இல், அவர் பெயரையே தாங்கிய ஆய்விதழில் அப்பகுதி வெளிவந்தது.

அவர் கண்ட நெறியைத் திருப்பூர் நூலைக்கொண்டே விளக்கலாம். எந்த முழுஎண்ணும் 2, 3, 5, 7, 11 போன்ற பகாஎண்களின் பெருக்கம். 840 என்பது 2 மூன்றுமுறையும் 3, 5, 7 ஒவ்வொருமுறையும் பெருகியது. அதன் வகுத்தி ஒன்றை அமைக்கும்போது, 2-ஐ ஒருமுறையும் எடாமலோ, ஒருமுறை, இருமுறை, மும்முறை எடுத்தோ நான்கு வழிகளில் செல்லலாம். 3, 5, 7 ஆகிய ஒவ்வொன்றையும் எடுத்தோ எடாமலோ இரு வழிகளில் செல்லலாம். ஆகவே வகுத்திகளின் தொகை 4 × 2 × 2 × 2 = 32. ஒவ்வொரு பகாஎண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதனோடு ஒன்று கூட்டிப் பெருக்குவதே வழி. தொகையை வகுப்பது பகாஎண்கள் வரும் முறைகளே என்பதும், எந்தப் பகாஎண் என்பது அதற்குப் பொருட்டன்று என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இப்பொழுது இருபதாம் எண் நூலின் 16,800-ஐப் பிரித்துப் பார்க்க. 2 ஐந்துமுறை, 3 ஒருமுறை, 5 இருமுறை, 7 ஒருமுறை; வகுத்திகள் 6 × 2 × 3 × 2 = 72. இங்கே சிறிய 3 ஒருமுறையும் பெரிய 5 இருமுறையும் நிற்கின்றன. அவ்விரண்டையும் இடம் மாற்றுக. 3 இருமுறையும் 5 ஒருமுறையும் ஆனால் எண் 10,080 ஆகச் சுருங்கும். வகுத்திகளோ அதே 72. சிறிய எண் ஒன்றுக்கே அத்தனை வகுத்திகள் இருக்கையில் 16,800 மீப்பகு எண் ஆவது எங்ஙனம்? நாற்பதாம் எண் நூலின் 33,600-க்கும் இதே குறை. அதே இடமாற்றத்தால் அது 20,160 ஆகச் சுருங்கும், வகுத்திகள் மாறாமல் 84 நிற்கும். முப்பத்து நான்காம் எண் நூலின் 28,560-இலோ 17 என்னும் பெரிய பகாஎண் இடையிலுள்ள 11-ஐயும் 13-ஐயும் விட்டுத் தனியே வந்து புகுந்திருக்கிறது. ஆதலின் முப்பதாம் எண் நூலைவிட நீண்டும் எண்பது வகுத்திகளே பெற்றது. சிறிய பகாஎண் மிகுதியாகவும் பெரிய பகாஎண் குறைவாகவும், இடையில் ஒன்றும் விடுபடாமல் இறங்குவரிசையில் வரவேண்டும் என்பதே நெறி. 4, 36 ஆகிய இரண்டு நீங்கலாக எல்லா மீப்பகு எண்களிலும் கடைசிப் பகாஎண் ஒரே ஒருமுறைதான் வரும் என்பதையும் இராமானுசன் நிறுவினார்.

கணிப்பொறி இல்லாத காலத்தில், இந்நெறிகளைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட மீப்பகு எண்களை அவர் பட்டியலிட்டார். அப்பட்டியலின் கடைசி எண் 6746328388800. தமிழில் சொன்னால், ஆறு நூறாயிரத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று நூறாயிரத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு. இதைப் பிரித்தால் 2 ஆறுமுறை, 3 நான்குமுறை, 5 இருமுறை, 7 இருமுறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொருமுறை. இறங்குவரிசை எங்கும் முறியவில்லை. வகுத்திகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. வகுத்திகளின் தொகையாகிய இந்த 10,080-உம் ஒரு மீப்பகு எண்ணே. பன்னிரண்டாம் எண் நூல் ஒரு பவுண்டில் எத்தனை கசமோ அத்தனை வகுத்திகள் அப்பேரெண்ணுக்கு உண்டு. ஆயிரம் கோடிகளைக் கடந்து நிற்கும் அவ்வெண்ணுக்கும் தொழிலாளி கையிலுள்ள நூற்சிட்டத்துக்கும் இடையே உள்ளது ஒரே நெறி.

அப்பட்டியலில் ஒரு விடுபாடும் உண்டு. 293318625600 என்னும் மீப்பகு எண் அதில் இடம்பெறவில்லை. அதன் வகுத்திகள் 5,040. பட்டியலின் கடைசி எண்ணிலிருந்து 23 என்னும் பகாஎண்ணை நீக்கினால் எஞ்சுவது அந்த எண்ணே. பேரறிஞர் கண்ணுக்கும் ஒன்று தப்பலாம். தப்பியதைப் பின்வந்தோர் கண்டு சேர்த்தனர். அதனால் அவர் பெருமை குன்றவில்லை, கணக்கியலும் குறைப்படவில்லை. பெயரின் பெருமையால் எந்தக் கணக்கும் மெய்யாகிவிடாது, பிறர் மீண்டும் கணக்கிட்டுப் பார்ப்பதால்தான் மெய்யாகும் என்பதைத் தமிழர் இதிலிருந்து கற்றல் வேண்டும்.

இப்படிப்பினை இன்று இன்றியமையாதது. தமிழின் எண்வளம் பற்றிப் பேசுவோர் பலரும் பெரிய எண்களின் பெயர்களை அடுக்குவதோடு நின்றுவிடுகின்றனர். பேரெண்களுக்குத் தமிழர் பெயரிட்டிருந்தது மெய்யே. ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே சுட்டுகிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பவற்றை உரையாசிரியர் அவற்றுக்கு எடுத்துக்காட்டினர். ஆயினும், இக்காலத்தில் கைக்குக் கை மாறும் சில பட்டியல்களைச் சற்றே வகுத்துப் பார்த்தால், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலுள்ள மடங்கு முழுஎண்ணாகக்கூட வருவதில்லை. வகுத்துப் பாராமல் பரப்பப்படும் பெருமை தமிழுக்குப் பெருமை ஆகாது.

மெய்யான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. தஞ்சைக் கல்வெட்டுகளின் நிலக்கணக்கு ஒரு வேலியின் 52428800000-இல் ஒரு பங்கு வரை இறங்குவதைக் கல்வெட்டறிஞர் காட்டியுள்ளனர். ஐயாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு கோடியே எண்பத்தெட்டு நூறாயிரம் என்னும் இவ்வெண்ணையும் பிரித்துப் பார்த்தல் தகும். தமிழர் கீழ்க்கணக்கின் அடிப்படை முந்திரி. அது 320-இல் ஒரு பங்கு. நான்கு 320-களைப் பெருக்கி, மேலும் ஐந்தால் பெருக்கினால் மேற்சொன்ன எண் கிடைக்கும். அப்பங்கு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பாதி. அத்துணை நுண்ணிய நிலத்தை அளவுகோல் வைத்து எவரும் அளந்திருக்க இயலாது. ஏட்டில் வகுத்து வகுத்து, மீதியைக் கைவிடாமல், கடைசி வரை கொண்டுசென்ற கணக்கரின் நேர்மையே அந்த எண். மீதியை மறைக்காத அந்நேர்மைதான் தமிழர் பெருமை.

அவ்வெண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. அதில் உள்ள பகாஎண்கள் இரண்டே: 2 இருபத்து நான்குமுறை, 5 ஐந்துமுறை. ஆகவே வகுத்திகள் 25 × 6 = 150 மட்டுமே. ஒன்றரை நூறாயிரத்தைச் சற்றே தாண்டிய 1,66,320 என்னும் சிறிய எண்ணுக்கே 160 வகுத்திகள் உண்டு. அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி ஆகிய எல்லாம் இரண்டாலும் ஐந்தாலும் ஆனவை. மூன்றில் ஒரு பங்கை அவற்றுள் எதனாலும் மீதியின்றிச் சொல்ல முடியாது. முன்னோர் கணக்கை மதிப்பது என்பது அதன் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே அறிவது. எண்ணின் பெருமை அதன் நீளத்தில் இல்லை, எத்தனை வகையாகப் பகிர்ந்து கொடுக்கும் என்பதில் இருக்கிறது.

எண்ணுக்கு மொழி ஏது, ஆங்கிலத்தில் கற்றால்தான் என்ன என்று கேட்பாரும் உளர். எண்ணுக்கு மொழியில்லை, எண்ணத்துக்கு மொழி உண்டு. 840-ஐ ஏழால் வகுத்தால் 120 என்னும் விடை எம்மொழியிலும் ஒன்றே. இருபதாம் எண் நூல் ஏன் அவ்வினத்தில் சேரவில்லை என்னும் வினாவுக்கு விடை எண்ணால் மட்டும் வாராது, சொல்லால் வரவேண்டும். அந்த ‘ஏன்’ என்பதை மனம் முதலில் தாய்மொழியிலேயே கேட்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து திருப்பூரில் உழைக்கும் தொழிலாளி, கட்டுகளை வாய்க்குள் எண்ணும்போது தம் தாய்மொழியிலேயே எண்ணுகிறார். அது மாந்தர் இயல்பு. தமிழ்க் குழந்தைக்கு மட்டும் அவ்வியல்பை மறுப்பது என்ன முறை? பொருள் விளங்காத அயற்சொல்லை உருப்போட்டுத் தேர்வில் எழுதும் பிள்ளை, தன் தாய் நாள்தோறும் தொடும் நூற்கூம்பின்மேல் அதே கணக்கு எழுதியிருப்பதை அறியாமலே வளர்கிறது.

ஆகலின் செய்யத்தக்கவை சில. திருப்பூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் வகுத்தி, பகாஎண், அடுக்கு ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், ஒரு நூற்கூம்பை வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். முப்பதாம் எண்ணையும் முப்பத்து நான்காம் எண்ணையும் மாணாக்கரே பிரித்து, எதற்கு வகுத்தி மிகுதி என்று காணட்டும். தொழிற்கூடங்களில் கூலிச்சீட்டும் உருப்படிக் கணக்கும் தொழிலாளி படித்தறியும் மொழியில் எழுதப்படல் வேண்டும். அதில் மீதி எத்தனை, அது யார் பொறுப்பு என்பதும் வெளிப்படையாக நிற்கவேண்டும். தமிழ்மன்றங்கள் ஆண்டுவிழா மேடைகளில் பேரெண்களின் பெயர்களைப் பாடுவதோடு நில்லாமல், விடுமுறை நாள்களில் தொழிலாளர் குடியிருப்புகளில் எண்ணறிவு வகுப்புகள் நடத்தலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு கரும்பலகையும் ஒரு நூற்சிட்டமும் போதும்.

தமிழில் நூல் என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். திருப்பூர் மக்கள் கையில் முதல் நூல் நாள்தோறும் ஓடுகிறது. அந்நூலுக்குள் இருக்கும் கணக்கைத் தமிழில் எடுத்துரைக்கும் இரண்டாம் நூலும் அவர்கள் கைக்கு வந்து சேரல் வேண்டும். ஈரோட்டில் பிறந்தவர் எண்ணிய எண்களை ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் இடையிலுள்ள தொழிலாளியின் மகள் தன் மொழியில் எண்ணிப் பார்க்கும் நாளில், பெயரளவில் நிற்கும் அந்த முப்பது அவளுக்கு எண்ணாகும். மீதி எங்கே போயிற்று என்று கேட்கும் துணிவும் அவளுக்கு வரும்.